கும்பகர்ணன் எலும்பு எங்கே?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டுவதற்கென்றே 1956-இல் அரசாங்கம் ஒரு நிறுவனம் ஏற்படுத்திற்று. அந்த நிலக்கரி, எத்தனையோ லட்சம் ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரஞ்செடிகளேயாகும். கண்ணுக்குத் தெரியாத மகரந்தத்தூள்கூட அதில் அழியாமல் அகப்படுகிறது. தூளே அழியாதபோது, மலைபோன்ற கும்பகர்ணனின் எலும்பு உலகத்தில் எந்தக் குழியிலாவது அகப்பட்டதுண்டா என்று கேட்கிறோம்.

அகப்படாது. மனிதன் இதே வடிவில் பத்து மடங்கு உயர்ந்தால் எடை ஆயிரம் மடங்காகும். எலும்பின் பலமோ நூறு மடங்குதான் ஆகும். எழுந்து நின்றாலே தொடை முறியும், இராமபாணம் எதற்கு?

"கதைதானே, போகட்டும்" என்பீர்கள். கதையோடு நின்றால் நமக்கென்ன சண்டை? அதே மாதிரி சரீர சாஸ்திரந்தானே முகத்தில் ஒருவன், தோளில் ஒருவன், தொடையில் ஒருவன், காலில் ஒருவன் பிறந்ததாகச் சொல்லி நம்மைக் காலடியில் போட்டது!

மனித உயிரணுவில் குரோமோசோம்கள் 46 என்று எண்ணி வெளியிட்டதும் அதே 1956-இல்தான். முகத்தில் பிறந்தவனுக்கு ஒரு கணக்கு, காலில் பிறந்தவனுக்கு வேறு கணக்கு இல்லை. 1901-இல் லாண்ட்ஸ்டைனர் வெளியிட்ட ரத்த வகைகளும் எல்லா ஜாதியிலும் கலந்தே கிடக்கின்றன. ரத்தம் ஏற்றும் வைத்தியர் வகை பார்க்கிறாரே தவிர, கோத்திரம் பார்ப்பதில்லை.

நெய்வேலித் தோழர்களே! பத்துத் தலை பொய்யென்று சிரிக்கிறீர்கள். சுரங்கத்தில் இறங்கும்போது எந்திரத்தை நம்புகிறீர்கள். வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும்போது மட்டும், காலில் பிள்ளை பிறந்த கதையை நம்பி ஜாதி கேட்பது யோக்கியமா? யோசித்துப் பாருங்கள்!