வெயில் கணக்கு பார்த்து வீட்டு மனை!
நெல்லைவாசிகள் எந்த ஊரை நம்புவது?

நெல்லை, வெயில் தாங்காமல் மனை தேடுகிறவர்கள் புரோக்கரிடம் கேட்கும் முதல் கேள்வி: "எந்த ஊருல சூடு கம்மி?" பதிலும் ரெடியாக இருக்கும். "தென்காசிப் பக்கம் போங்க அண்ணாச்சி!"

இதில் பொய் இல்லை. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு கணவாய் இருக்கிறது. மலையில் உள்ள அந்தச் சந்து வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று நுழைகிறது. ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சாரல். அதே காற்று ஐம்பது, அறுபது கிலோ மீட்டர் தாண்டிப் பாளையங்கோட்டைக்கு வரும்போது ஈரம் வற்றிப் போகிறது. அங்கே குடை, இங்கே விசிறி!

சராசரி செய்யும் கோளாறு

ஆனால் வானிலைப் புள்ளி விவரத்தை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுக்க முடியுமா? ஊரைத் தரம் பிரிப்பவர்கள் 30 ஆண்டு சராசரியைத்தான் எடுக்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18-ந் தேதிகளில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை! ஒரு வருஷ மழையை விட அதிகம். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. நெல்லை ஜங்ஷன் பகுதிக்குள் தாமிரபரணி புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரெயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் தவித்தனர்.

இந்த 95 செ.மீட்டரை 30 ஆண்டுக்குப் பங்கு போட்டால் வருஷத்துக்கு மூன்று செ.மீ. சொச்சம். பட்டியலில் அந்த நாள் காணாமலே போய்விடும். மனை பார்க்கப் போகிறவர் பக்கத்து வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற தடத்தையும் பார்ப்பது நல்லது.

இன்னொன்று. வானிலை நிலையத் தெர்மாமீட்டர் காற்றோட்டமான வெள்ளைக் கூண்டுக்குள், நிழலில் இருக்கிறது. டவுன் சந்துகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் படுக்கிறவர் படும் சூடு அதில் ஏறுவது இல்லை. தூத்துக்குடி கடல் காற்றில் வழியும் வேர்வையும் அதில் தெரியாது.

முதல் மார்க் மாஞ்சோலை!

குளிர்ச்சியை மட்டும் பார்த்தால் முதல் மார்க் மாஞ்சோலைக்குத்தான். அதற்கு மேலே நாலுமுக்கு, ஊத்து. தமிழ்நாட்டிலேயே மழை அதிகம் கொட்டும் இடங்கள். சித்திரை வெயில் அங்கே எட்டாது.

சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 99 ஆண்டு குத்தகைக்கு விட்ட மலை அது. குத்தகை 2028-ல் முடிகிறது. தேயிலைக் கம்பெனி 2024-லேயே தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்து வாங்கியது. அங்கேயே பிறந்து கொழுந்து பறித்த குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போயின. அந்த ஆண்டு டிசம்பரில் ஐகோர்ட்டு மனுக்களைத் தள்ளுபடி செய்தது. சாமான்களைக் கட்டிக்கொண்டு அவர்கள் இறங்க வேண்டி வந்தது வெயில் காயும் இந்தச் சமவெளிக்குத்தான்.