கடை பல, கம்பி ஒன்று!

மின்சாரம் விற்பவரை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று 1999-ல் சட்டம் செய்தது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம். 2002 முதல் பெரும்பகுதியிலே கடைகள் பல. கம்பி மட்டும் ஒன்றே!

2011-ல் குளிரிலே மின்நிலையங்கள் நின்றன. இயந்திரங்களைக் குளிரிலிருந்து காத்திடுக என்றது மத்திய ஆணையம். மாநிலமோ கட்டாயமாக்கவில்லை. 2021 பிப்ரவரியில் மீண்டும் பனி! நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருண்டன. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் மாண்டனர். விலையைக் கட்டுப்படுத்த வேண்டிய ஆணையமோ, மொத்த விலையை உச்சவரம்பான யூனிட்டுக்கு 9 டாலரிலே நிறுத்தி வைத்தது!

தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டாமென்றா சொல்கிறோம்? அல்ல! கடைக்காரரை மாற்றலாம், உறைந்த மின்நிலையத்தை எந்தக் குடும்பம் மாற்றும்? அதட்டிக் கேட்கவேண்டியது அரசல்லவா என்றே கேட்கிறோம். கேட்டது, கட்டாயச் சட்டமும் வந்தது, பிணங்களைப் புதைத்த பிறகு!