தட்டில் கரைவதெல்லாம் மண்ணில் கரையுமா?

மணிச்சத்தைக் கரைக்கும் பாக்டீரியா பற்றிய ஆய்வேடுகள் பலவற்றின் உச்சம் ஒரு வளையம். வேர்ப்பகுதி மண் சேகரிக்கப்படுகிறது. பிகோவ்ஸ்கயா 1948இல் வகுத்த ஊடகத்தில் பாக்டீரியா வளர்க்கப்படுகிறது. வெண்ணிற டிரைகால்சியம் பாஸ்பேட் கரைந்து, பெட்ரித் தட்டில் தெளிந்த வளையம் தோன்றுகிறது. உடனே ‘சிறந்த உயிர் உரம்’ என்று முடிவுரை எழுதப்படுகிறது. வளையத்துக்கும் வயலுக்கும் இடையிலுள்ள தொலைவு அளக்கப்படுவதே இல்லை.

மைசூரு வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே கேழ்வரகு விளைவது பெரிதும் செம்மண்ணில். அமிலத்தன்மை மிகுந்த செம்மண்ணில் மணிச்சத்தை முதன்மையாகப் பிணைத்து வைத்திருப்பவை இரும்பும் அலுமினியமும், கால்சியம் அன்று. கால்சியம் பாஸ்பேட் சிறிதளவு அமிலத்துக்கே இளகும். இரும்பு பாஸ்பேட் அவ்வளவு எளிதில் இளகாது. தவிர, அந்த ஊடகத்தில் லிட்டருக்கு 10 கிராம் குளுக்கோஸ் உண்டு. அந்த விருந்தை உண்டுதான் பாக்டீரியா அமிலம் சுரக்கிறது. மண்ணில் அதற்கு வாய்ப்பது பட்டினியும் போட்டியுமே.

இந்த ஐயம் புதியதன்று. சோவியத் ஒன்றியம் ‘பாஸ்போபாக்டரின்’ என்ற பெயரில் பாசில்லஸ் மெகாடீரியத்தை வயல்களில் பெருமளவில் இட்டது. அமெரிக்க ஆய்வாளர்கள் அதைச் சோதித்து 1962இல் வெளியிட்ட முடிவுகளில் குறிப்பிடத்தக்க பயன் தென்படவில்லை. டிரைகால்சியம் பாஸ்பேட்டைப் பொது உரைகல்லாகக் கொள்வது தகாது என்று பஷான் குழுவினர் 2013இல் விரிவாக வாதிட்டனர். ஆயினும் நம் ஆய்வகங்கள் அசையவில்லை. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் 2006இல் உயிர் உரங்கள் கொண்டுவரப்பட்டபோது, இந்தப் பாக்டீரியாவின் திறனுக்கு வகுக்கப்பட்ட அளவுகோலும் 5 மி.மீ. வளையம் அல்லது 30 விழுக்காட்டுக் கரைதிறன்தான். அந்தத் தர அட்டவணையில் பயிரின் விளைச்சலுக்கு இடமில்லை.

பாக்டீரியா பயனற்றது என்பதன்று வாதம். சில சோதனைகளில் பயிர் செழிப்பது உண்மையே. ஆனால் அச்செழிப்பு கரைந்த மணிச்சத்தால் வந்ததா, பாக்டீரியா சுரக்கும் ஆக்சின் வேரைப் பெருக்கியதால் வந்ததா என்று பிரித்துக் காட்டாத ஆய்வு, காரணத்தை அறியாமலே மருந்துக்குப் பெயர் சூட்டுகிறது.

இரும்பு, அலுமினிய பாஸ்பேட்டிலும் சோதனை. கிருமிநீக்கம் செய்யாத உள்ளூர் மண்ணில் தொட்டிப் பயிர். கொல்லப்பட்ட பாக்டீரியாவை இட்ட ஒப்பீட்டுத் தொட்டி. பயிர் ஏற்ற மணிச்சத்தின் அளவு. குறைந்தது இரு பருவ வயல் ஆய்வு. இவை இல்லாத ஆய்வேட்டில் ‘உயிர் உரம்’ என்ற சொல்லை நெறியாளர்கள் அனுமதிக்கலாகாது. தட்டில் தோன்றும் வளையத்துக்குப் பட்டம் கிடைத்துவிடும். பொட்டலத்தை நம்பி சூப்பர் பாஸ்பேட்டைக் குறைத்த உழவருக்குக் கதிர் கிடைக்க வேண்டுமே!