காந்தம் பிடிக்கும், மின்மினி காட்டிக்கொடுக்கும்



கறி வாங்கி வந்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? நிறத்தைப் பார்க்கிறோம், முகர்ந்து பார்க்கிறோம். கெட்டுப்போன கறியை அறிந்துகொள்ள இவ்விரண்டும் போதும். ஆனால் நோய்க் கிருமி தொற்றிய கறி கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பதில்லை. நிறமும் மணமும் சுவையும் மாறாமலேயே அது நம் தட்டுக்கு வந்துவிடக்கூடும்.

1993-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இதுதான் நிகழ்ந்தது. ஓர் உணவகக் குழுமத்தின் கிளைகளில் அரைவேக்காடாகப் பரிமாறப்பட்ட ஹாம்பர்கர் கொத்துக்கறியே காரணம். பிற மூன்று மாநிலங்களையும் சேர்த்து 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் மாண்டனர்.

கறியில் இருந்தது ஈ.கோலை ஓ157 என்னும் பாக்டீரியா. மாடு, ஆடு ஆகியவற்றின் குடலில் அது வாழ்கிறது. அவற்றிற்கு நோய் தருவதில்லை. மனித உடலிலோ இரத்தக் கழிச்சலை உண்டாக்குகிறது. சில குழந்தைகளுக்குச் சிறுநீரகமே செயலிழந்துவிடுகிறது. இதற்கு நூற்றுக்கும் குறைவான கிருமிகளே போதும் என்பதுதான் அச்சமூட்டும் செய்தி.

கறியில் தீங்கற்ற பாக்டீரியாக்கள் இலட்சக்கணக்கில் இருக்கும். அவற்றினிடையே இந்தச் சிலவற்றை எவ்வாறு தேடுவது? ஊட்டக் கூழில் வளர்த்து இனங்காணும் பழைய முறைக்கு இரண்டு முதல் நான்கு நாட்கள் வரை ஆகும். முடிவு வருவதற்குள் கறி விற்றுத் தீர்ந்திருக்கும்!

இங்கேதான் காந்த மணிகள் உதவிக்கு வருகின்றன. நார்வே நாட்டு வேதியியலாளர் ஜான் உகல்ஸ்டாட், 1970-களின் பிற்பகுதியில், ஒரே அளவுடைய நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளைச் செய்யும் வழியைக் கண்டார். பின்னர் அம்மணிகளுக்குள் இரும்பு ஆக்சைடு சேர்க்கப்பட்டது. இச்சோதனைக்குரிய மணியின் குறுக்களவு தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே. காந்தத்தை அருகில் கொண்டுவந்தால் மணிகள் ஒன்றுதிரளும். விலக்கினால் மீண்டும் பிரிந்து மிதக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடாத இந்தக் குணமே அவற்றின் தனிச்சிறப்பு.

மணியின் மேற்பரப்பில், குறிப்பிட்ட ஒரு கிருமியை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைப் பூசிவிடுவர். கறித்துண்டைச் சத்துநீரில் சில மணி நேரம் வைத்துக் கிருமிகளைப் பெருகச் செய்தபின், அந்நீரில் மணிகளைக் கலப்பர். ஓ157 கிருமிகள் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். குழாயின் பக்கவாட்டில் காந்தத்தை வைத்தால், பழுப்பு நிறப் படலமாக மணிகள் சுவரில் ஒதுங்கும். எஞ்சிய நீரைக் கொட்டிக் கழுவிவிட வேண்டியதுதான்.

அடுத்தது ஒளி. மின்மினிப் பூச்சியின் வெளிச்சத்திற்கு, உயிரணுக்களின் ஆற்றல் சரக்கான ஏ.டி.பி. தேவை என்பதை 1947-இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் மெக்எல்ராய் நிறுவினார். ஆய்வுக்கான மின்மினிகளைப் பிடித்துத் தந்த பால்டிமோர் நகரச் சிறுவர்களுக்கு அவர் காசு கொடுத்தாராம்! பிடிபட்ட கிருமிகளை உடைத்து, வெளிவரும் ஏ.டி.பி.யுடன் மின்மினியின் லூசிபெரேஸ், லூசிபெரின் ஆகிய பொருள்களைச் சேர்த்தால் மெல்லிய ஒளி பிறக்கும். கிருமி மிகுந்தால் ஒளியும் மிகும். கருவி அதை நொடிகளில் அளந்துவிடும்.

ஒளிச் சோதனை மட்டும் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. கறியின் சொந்த அணுக்களிலும் ஏ.டி.பி. உண்டு, தீங்கற்ற பாக்டீரியாவிலும் உண்டு. எல்லாம் ஒன்றாக ஒளிர்ந்தால் எது எவருடைய ஒளி? அதனால்தான் முதலில் காந்தத்தால் பிரித்தெடுக்கிறார்கள். அப்போதும், எதிர்ப்பொருள் சில வேளைகளில் உறவுக் கிருமிகளையும் பற்றிவிடுவதால், ஒளி தெரிந்த மாதிரியை மீண்டும் வளர்த்து உறுதிசெய்த பின்னரே முடிவு கூறப்படுகிறது. ஒளி தெரியவில்லையெனில், சோதித்த அந்தத் துண்டைப் பற்றி மட்டுமே ஏதேனும் சொல்ல முடியும்; அருகிலிருந்த துண்டைப் பற்றி அன்று.

ஆகவே இந்தக் கருவி நம் அடுப்பின் வேலையைச் செய்யாது. முழுத்துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். கொத்தும்போது அது உட்புறமெங்கும் கலந்துவிடுகிறது. எனவே கொத்துக்கறி உருண்டையும் கபாபும் நடுப்பகுதிவரை 71 டிகிரி செல்சியஸ் சூடேற வேண்டும். நம் வீடுகளில் கறியை நன்றாகவே வேக வைக்கிறோம். நம் கவனம் தவறுவது வேறிடத்தில்: பச்சைக் கறி நறுக்கிய பலகையிலேயே, கழுவாமல், தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் அரிகிறோமே, அங்கே!