சூடு பேட்டரிக்கா, சென்சாருக்கா?

"அண்ணே, ஹைபிரிட் லைட் எரியுது. பேட்டரி போச்சாம், மாத்தணுமாம். மாத்தட்டுமா, இல்ல காரையே வித்திடட்டுமா?" கொஞ்ச நாளாக என் பட்டறைக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கேள்விதான்.

காரணம் இருக்கிறது. 2011 முதல் 2013 வரை, 2,000 சிசிக்குக் குறைந்த இறக்குமதி ஹைபிரிட் கார்களுக்கு நம் அரசாங்கம் வரிவிலக்கு கொடுத்தது. பிரியஸ் சி, இன்சைட் எல்லாம் அப்போது நிறைய விற்றன. அந்தக் கார்கள் இப்போது மூன்றாவது, நான்காவது கை மாறி ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கம் வந்திருக்கின்றன. தோட்டத்திலிருந்து ஷா ஆலாமுக்கும் கிள்ளானுக்கும் தினமும் வேலைக்கு ஓடும் நம் பிள்ளைகளுக்கு மிச்சமாகும் பெட்ரோல் காசு சின்ன விஷயமில்லை. அதனால் பேட்டரி போச்சு என்று ஒருவர் சொன்னால் வயிறு கலங்கத்தான் செய்யும்.

ஆனால் அந்த விளக்கு எரிந்தாலே பேட்டரி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பேட்டரிப் பெட்டிக்குள் அங்கங்கே மிளகு அளவில் வெப்ப சென்சார்கள் இருக்கும். தெர்மிஸ்டர் என்போம். சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும், குளிர்ந்தால் கூடும். பரவலாகப் பயன்படும் ஒரு வகை 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும். 50 டிகிரியில் ஏறக்குறைய 3,600 ஓம். கார் கணினி இந்தக் கணக்கை வைத்துத்தான் எவ்வளவு மின்சாரம் ஏற்றலாம், இறக்கலாம், காற்றாடியை எப்போது சுழற்றலாம் என்று முடிவு செய்கிறது. சென்சார் பொய் சொன்னால் நல்ல பேட்டரியும் நோயாளிதான். இன்ஜின் அணையாமல் ஓடும், பெட்ரோல் கரையும். இதைவிட மோசம், உண்மையில் சூடாக இருக்கும்போது குளிர்ச்சி என்று காட்டுவது. காற்றாடி சுழலாது, பேட்டரி உள்ளேயே வெந்துபோகும்.

ஸ்கேனரில் பி0ஏ80 வந்தால் பேட்டரியே சந்தேகத்துக்குரியது. பி0ஏ9பி முதல் பி0ஏ9இ வரை வந்தால் வெப்ப சென்சார் வட்டாரம். கடைசி எழுத்து முக்கியம்: 'டி' என்றால் வோல்டேஜ் குறைவு, எங்கோ ஷார்ட், 'இ' என்றால் வோல்டேஜ் அதிகம், எங்கோ அறுந்திருக்கிறது. அறுந்த சென்சார் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். கோலசிலாங்கூரில் மைனஸ் 40! கோடை மட்டும் படித்துவிட்டு இந்த எண்ணைப் பார்க்காதவர் மெக்கானிக் இல்லை, விலை சொல்பவர்.

போன மாதம் ஒரு தாதி தன் காரைக் கொண்டுவந்தார். வேறொரு பட்டறையில் முழு பேட்டரிக்கும் விலை சொல்லிவிட்டார்களாம். அம்மாவின் சங்கிலியை அடகு வைப்பதாக வீட்டில் பேச்சாகியிருந்தது. "ராத்திரி முழுக்க இங்கேயே நிற்கட்டும்மா" என்றேன். காலையில் கார் ஆறிப்போய் இருக்கும்போது எல்லா சென்சாரும் வெளிக் காற்றின் வெப்பத்தையே காட்ட வேண்டும்; இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் பரவாயில்லை. ஒன்று 26, மூன்றாவது 27. நடுவில் இருந்தது மைனஸ் 40.

இனி சென்சாரா, ஒயரா என்று பிரிக்க வேண்டும். சென்சாரின் பிளக்கைக் கழற்றி, கணினிப் பக்கத்து இரண்டு ஒயர்களையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தேன். ஒயர் நன்றாக இருந்தால் எண் உச்சத்துக்குத் தாவியிருக்கும். தாவவில்லை. அப்படியானால் சென்சாரில் குற்றமில்லை. பின் இருக்கையைத் தூக்கிப் பார்த்தால் காய்ந்த செம்பனை நாரில் ஒரு கூடு. எலி ஒரு ஒயரைச் சுத்தமாகக் கடித்திருந்தது. எலியை ஒழிக்கத் தோட்டங்களில் கூண்டு கட்டி ஆந்தை வளர்க்கிறார்கள். லயத்தோரம் நிற்கும் காருக்கு ஆந்தை காவல் வராது. ஒயரை ஒட்டி, உறை போட்டு, மறுபடி பார்த்தபோது 26. சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கிறது.

வீட்டில் செய்து பார்க்க நினைக்கும் தம்பிகளுக்கு ஒரு கண்டிப்பு. மேலே சொன்னதை, பேட்டரியின் சர்வீஸ் பிளக்கை உருவி, பத்து நிமிடம் காத்திருந்து, 1,000 வோல்ட் தாங்கும் கையுறையோடுதான் செய்தேன். பிளக்கை உருவினாலும் பெட்டிக்குள் மின்சாரம் அப்படியே இருக்கும். பிரியஸ் சி பேட்டரி 144 வோல்ட். உயிரை எடுக்க அது போதும். ஆரஞ்சு ஒயர் என்றால் கை வைக்காதீர்கள். சாதாரண ஸ்கேனரை மாட்டி எண்களைப் படிப்பது மட்டும் யாரும் செய்யலாம்.

எல்லா சென்சாரும் சேர்ந்தாற்போல், ஓட ஓட ஏறிக்கொண்டே போனால் அவை உண்மைதான் சொல்கின்றன. சூடு நிஜம். பின் இருக்கை ஓரத்துக் காற்றுத் துளையைப் பாருங்கள். செம்மண் ரோட்டுத் தூசியும் பூனை முடியும் அடைத்திருக்கும், அல்லது யாராவது பையை வைத்து மூடியிருப்பார்கள். காற்றாடியைக் கழற்றித் துடைக்க அரை நாள் போதும்.

புதிய மின்சாரக் கார்களில் கதை வேறு. சென்சார்கள் மூடி முத்திரையிட்ட பெட்டிக்குள் இருக்கும். வேகச் சார்ஜரில் போட்டும் மெதுவாகவே ஏறுகிறது என்பது ஓர் அறிகுறி. பேட்டரிக்குப் பெரும்பாலும் எட்டு ஆண்டு உத்தரவாதம் இருப்பதால் எங்களைப் போன்றவர்களிடம் திறக்கக் கொடுக்காதீர்கள். அதிக வெப்பம், குறைந்த வெப்பம் என்ற இரண்டு எண்களைப் படம் எடுத்துக்கொண்டு விற்ற இடத்துக்கே போங்கள்.

பழைய ஹைபிரிட் வாங்கப் போகிறவர்கள், நாங்கள் வரும்வரை காரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலை ஏழு மணிக்குப் போய், இன்ஜின் சூடாவதற்கு முன் அந்த எண்களைப் படியுங்கள். போய்ச் சேரும்போதே பானெட் சுட்டால், இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடுங்கள்.