சுவான்சௌவில் பறந்தது யார் கொடி?

சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டைக் காட்டி, சீனத்திலும் சோழர் கொடி பறந்ததாகப் பேசுகிறார்கள். கல்வெட்டின் ஆண்டு 1281. சோழ அரசு 1279 வாக்கிலேயே மூன்றாம் ராசேந்திரனோடு முடிந்துவிட்டது. பிறகு எந்தக் கொடி? கல்வெட்டின்படி, சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்தது மங்கோலியப் பேரரசரின் உடல்நலத்துக்காக, அவரது ஆணையைப் பெற்று. குப்ளாய் கான் ஆண்ட காலம் அது. தமிழ் வரிகளுக்குக் கீழே சீன எழுத்தும் இருக்கிறது. சோழரின் 1025 கடற்படையெடுப்பைச் சிலர் நினைவூட்டுவார்கள். அது தென்கிழக்காசியாவின் ஸ்ரீவிஜயத்தின் மீது நடந்தது. சீனத்துக்குச் சோழர் 1015, 1033, 1077 ஆண்டுகளில் அனுப்பியவை தூதுக்குழுக்கள்தாம்.

இதனால் தமிழர் பெருமை குறையும் என்பது வீண் அச்சம். சுவான்சௌவின் கையுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத் தூண்களில் நரசிம்மர் இன்றும் இரணியனைக் கிழிக்கிறார். இடிந்த சைவ, வைணவக் கோயில்களின் கற்கள் அவை. தாயகப் படையும் அரசும் துணையில்லாமல் அயல்மண்ணில் அக்கோயில்களை எழுப்பிய வணிகர்களின் உழைப்பை மன்னர் கணக்கில் எழுத நமக்கு உரிமை இல்லை.