38 ஆக்ஸ்லி ரோடு: இடிப்பதா, காப்பதா?

தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் 38 ஆக்ஸ்லி ரோடு. மறைந்த திரு. லீ குவான் இயூ பல்லாண்டு வாழ்ந்த வீடு. அந்த இடத்தைத் தேசிய நினைவுச்சின்னமாக்க எண்ணியிருப்பதாக 2025 நவம்பர் 3ஆம் தேதி அரசாங்கம் அறிவித்தது.

'அவரே இடிக்கச் சொன்னாரே, அப்புறம் ஏன்?' என்று கேட்கிறீர்களா?

அப்படி என்ன வீடு?

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட பங்களா. ஓட்டுக் கூரை, 8 படுக்கையறைகள். ஆனால் விவாதம் அதன் அழகைப் பற்றியது இல்லை. கீழ்த்தளச் சாப்பாட்டு அறையைப் பற்றியது. 1954இல் திரு. லீ, டாக்டர் கோ கெங் சுவீ, டாக்டர் தோ சின் சாய், திரு. எஸ். ராஜரத்தினம் போன்றோர் அங்கே கூடிப் பேசினர். அதே ஆண்டு நவம்பரில் மக்கள் செயல் கட்சி பிறந்தது.

திரு. லீ என்ன சொன்னார்?

வீட்டின் அஸ்திவாரம் சரியில்லை, அந்த வீட்டால் அக்கம்பக்கத்தில் உயரமாகக் கட்ட முடியவில்லை, இடித்துவிடுங்கள் என்றார். 2013 டிசம்பரில் எழுதிய உயிலிலும் அதே விருப்பம்.

ஆனால் 2011 டிசம்பரில் அமைச்சரவைக்கு எழுதிய கடிதத்தில், காப்பதாக இருந்தால் அஸ்திவாரத்தைப் பலப்படுத்துங்கள், ஆள் குடியிருக்க வாடகைக்கு விடுங்கள் என்றும் சொல்லியிருந்தார். இரண்டு தரப்பும் அவர் சொன்னதையே ஆதாரமாகக் காட்டுவது இதனால்தான்.

இப்போது ஏன்?

வீட்டில் வசித்த டாக்டர் லீ வெய் லிங் 2024 அக்டோபரில் காலமானார். வீட்டை இடிக்கத் திரு. லீ சியென் யாங் விண்ணப்பித்தார். உடனே முடிவெடுக்க வேண்டிய நிலை.

இதைக் கவனியுங்கள்: அரசாங்கம் காக்க நினைப்பது அந்த 'இடத்தை'. எல்லாச் சுவர்களும் அப்படியே நிற்கும் என்று அர்த்தமில்லை. மரபுடைமைப் பூங்காவாக மாறலாம். குடும்பத்தின் அந்தரங்க வாழ்வைக் காட்டும் தடயங்கள் அகற்றப்படும் என்றும் சொல்லப்பட்டது. அந்தச் சமரசம் போதாது என்பது திரு. லீ சியென் யாங்கின் நிலை. தந்தையின் விருப்பம் மிதிக்கப்படுகிறது என்கிறார் அவர்.

ஒருவர் தன் வீட்டைப் பற்றிச் சொன்ன கடைசி விருப்பம் பெரிதா? அங்கே நடந்தது நாட்டின் வரலாறு என்றால், அது எல்லாருக்கும் சொந்தமா? அடுத்த முறை இதைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால், இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.